மந்தைவெளியும் இருப்புப் பாதையும்



லஸ் முனையைக் கடந்து பேருந்து தெற்கு நோக்கிச் செல்லும்போது, "மந்தைவெளி, மந்தைவெளி" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். இறங்குகிறவர்கள் இறங்குவார்கள், ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் பொழுது இராது. மந்தை என்றால் கால்நடைக் கூட்டம். வெளி என்றால் திறந்த நிலம். ஊர் மாடுகளெல்லாம் வந்து கூடி நின்று மேய்ந்த திடலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கடற்கரை வானொலி நிலையத்திலிருந்து அந்த இடம் இரண்டு கல் தொலைவுகூட இராது. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. உயர்ந்த தூண்களின் மேல் ஒரு ரயில் நிலையம் நிற்கிறது. அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் மந்தைவெளி இருக்கிறது. மாடு போய் ரயில் வந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பழைய தமிழ்நாட்டு ஊர் ஒன்றை மனத்திலே வரைந்து பாருங்கள். நஞ்சை உண்டு, புஞ்சை உண்டு, குடியிருக்கும் நத்தம் உண்டு, ஏரி உண்டு, நெல்லடிக்கும் களம் உண்டு. இவற்றோடு மந்தைவெளி ஒன்றும் கட்டாயம் இருக்கும். அது எவருடைய தனிச் சொத்தும் அன்று. வருவாய்த் துறையின் கணக்கில் அது புறம்போக்கு நிலம். விடிந்ததும் வீடுதோறும் தொழுவத்திலிருந்து மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். அவை தாமாகவே வழி தெரிந்து வந்து திடலில் சேரும். கையில் கோலும் தோளில் கம்பளியுமாக இடையர் ஒருவர் அவற்றை ஓட்டிச் செல்வார். பொழுது சாயும்போது புழுதி பறக்கத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். கபாலீசுவரர் கோயிலும் தெப்பக்குளமும் நான்கு மாட வீதிகளும் கொண்ட மயிலாப்பூருக்கும் அத்தகைய பொது நிலம் ஒன்று வேண்டியிருந்தது. ஊரின் தென்புறத்தில், அடையாற்றை நோக்கிய பக்கத்தில், அது இருந்தது என்பதற்குப் பெயரே சான்று.

மாடு மேய்ப்பவன் என்றதும் என் தலைமுறையினருக்கு நினைவுக்கு வருவது இன்னொரு உருவமும் உண்டு. இளமையில் மவுண்ட் ரோடு கொட்டகைகளில் நாங்கள் கண்ட அமெரிக்கப் படங்களில், அகன்ற தொப்பியும் இடுப்பிலே துப்பாக்கியுமாகக் குதிரைமேல் பறந்து வருவானே, அந்தக் கௌபாய்! அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னால் மாட்டுக்காரப் பையன் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. இது எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. நம் வீட்டு வாசலில் வந்து நின்ற பால்காரருக்கும் திரையில் பறந்த அந்த வீரனுக்கும் தொழில் ஒன்றே. ஆனால் இவரை நாங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவனைக் காண மட்டும் காசு கொடுத்து வரிசையில் நின்றோம்.

அந்த அமெரிக்க வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். அது நம் கதையை விளக்கும். 1865-ஆம் ஆண்டில் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தபோது, டெக்சாஸ் மாநிலத்தில் நீண்ட கொம்புடைய மாடுகள் லட்சக் கணக்கில் திரிந்துகொண்டிருந்தன. அங்கே ஒரு மாடு ஏறக்குறைய 4 டாலருக்குக் கிடைத்தது. வடக்கு நகரங்களிலோ 40 டாலருக்கு விலை போயிற்று. ஆனால் டெக்சாஸிலிருந்து வடக்கே செல்ல ரயில் இல்லை. 1867-இல் ஜோசப் மெக்காய் என்னும் வணிகர் கான்சாஸ் மாநிலத்து அபிலீன் என்ற சிற்றூரில், இருப்புப் பாதையை ஒட்டி, பெரிய மாட்டுப் பட்டிகளை அமைத்தார். டெக்சாஸிலிருந்து அந்த ஊர்வரை மாடுகளை நடத்தியே கொண்டுவந்தார்கள். 2,000 அல்லது 3,000 மாடுகள் கொண்ட மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மைல் நடை. வழியிலே வெள்ளம் பெருகிய ஆறுகள், இடி கேட்டு மிரண்டு ஓடும் மந்தை, உறக்கமில்லாத இரவுகள். படங்களில் காணும் துப்பாக்கிச் சண்டையை விட இவையே அவர்களுடைய அன்றாட வாழ்வு. அவர்களுள் கறுப்பினத்தவரும் மெக்சிகோ நாட்டவரும் மிகப் பலர் இருந்தார்கள். லாசோ, ரோடியோ முதலிய சொற்களெல்லாம் ஸ்பானிய மொழி பேசிய அந்த மெக்சிகோ மேய்ப்பர்களிடமிருந்து வந்தவையே. திரைப்படங்கள் நெடுங்காலம் இதை மறைத்துவிட்டன.

அபிலீனில் வண்டி ஏறிய மாடு சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களுக்குப் போயிற்று. இந்த வாழ்வு நீடித்தது ஏறக்குறைய இருபது ஆண்டுகளே. 1874-இல் ஜோசப் கிளிடன் என்பவர் முள்கம்பிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ரயில் வந்ததால் குடியேறியோர் பெருகினர். குடியேறியவர்கள் தத்தம் நிலத்தைச் சுற்றி முள்வேலி இட்டனர். மாடு நடந்த பாதைகள் அடைபட்டன. 1886-87 குளிர்காலத்தின் கொடிய பனியில் வடபுல மேய்ச்சல் வெளிகளில் மந்தை மந்தையாக மாடுகள் மடிந்தன. இருப்புப் பாதையும் டெக்சாஸுக்குள்ளேயே நீண்டு வந்துவிட்டது. அதன்பின் நெடுவழியில் மாடு ஓட்ட ஆள் எதற்கு? அந்தத் தொழிலை வளர்த்ததும் ரயில்தான்; முடித்து வைத்ததும் ரயில்தான். அது மாட்டை ஏற்றிச் சென்றது மட்டும் அன்று. நிலத்துக்கு விலையை ஏற்றிவிட்டது. விலை ஏறிய நிலம் பொது நிலமாக நீடிப்பது அரிது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

மந்தையைச் சுற்றி எழுந்த வீரமும் போரும் நமக்குப் புதியன அல்ல. பகைவரின் ஆநிரையைக் கவர்வதற்கு வெட்சி என்றும், மீட்பதற்குக் கரந்தை என்றும் நம் இலக்கணம் பெயரிட்டது. மாட்டுக்காகப் போரிட்டு மடிந்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இன்றும் நிற்கின்றன. 2006-ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழ்ப் பிராமி எழுத்திலமைந்த பழமையான நடுகல்லிலே ஆகோள் என்ற சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல்.

கோயில் கல்வெட்டுகளிலோ இதனினும் நுட்பமான செய்தி உண்டு. ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்கு 90 அல்லது 96 ஆடுகளைத் தானமாக அளிப்பார்கள். அவற்றை மன்றாடிகள் என்னும் இடையர்கள் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளப்பார்கள். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா, மூப்பு அடையாதா என்றால், அடையும். ஆனால் இறந்ததற்கு ஈடாகக் குட்டி பிறந்து, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். முதல் அழியாமல் பயனை மட்டும் கொள்வது என்பதே இதன் கருத்து. அடையாற்றுக்குத் தெற்கே திருவான்மியூர்க் கோயிலில் இறைவனுக்குப் பால்வண்ணநாதர் என்ற திருப்பெயர் வழங்குகிறது. காமதேனு பால் சொரிந்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறும். மந்தையும் கோயிலும் ஊரும் ஒன்றை ஒன்று தாங்கி நின்ற காலம் அது. சாவா மூவா மந்தைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மேய நிலம்.

தென்னாட்டில் முதல் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இருபது ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தில் கடல் வழியே வந்திறங்கிய அரிசியை ரயில் உள்நாட்டுக்குச் சுமந்து சென்றது. ஆனால் மாட்டுக்கு வேண்டிய வைக்கோல் அப்படிச் சென்று சேரவில்லை. எடை சிறிதாகவும் இடம் பெரிதாகவும் கொள்ளும் பொருளை நெடுந்தொலைவு ஏற்றிச் செல்வது கட்டுபடியாகாது. கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டும் காப்பாற்ற முடியாமல் உழவர் கலங்கினர். மக்கள் லட்சக் கணக்கில் மாண்டனர். மாடுகள் மாண்டதற்கும் அளவில்லை. மயிலாப்பூருக்கு அந்தப் பஞ்சம் ஒரு நினைவுச் சின்னத்தை விட்டுச் சென்றது. பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, பசித்த மக்களின் கைகளைக் கொண்டு 1877-78-இல் ஒரு கால்வாய் வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வழங்குகிறது. அந்தக் கால்வாயை மறவாதீர்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

மயிலாப்பூருக்கு மேற்கே, இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில், நுங்கம்பாக்கம்வரை நீண்டு கிடந்தது ஓர் ஏரி. ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றனர். மழைக்காலத்தில் நீர் நிற்கும். கோடையில் நீர் வற்றினால் புல் முளைக்கும். ஏரியின் உள்வாய் கோடையில் மேய்ச்சலாவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். தெற்கே செல்லும் ரயில் பாதை அந்த ஏரியின் மேற்குக் கரைப் பக்கமாக மாம்பலம் வழியே போடப்பட்டது. நகரம் பெருகிற்று, வீட்டு மனைக்குத் தேவை மிகுந்தது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-இல் ஏரியைத் தூர்த்து மனைகளாக வகுக்கத் தொடங்கினார்கள். புதிய நகருக்குச் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரும், நடுவே அமைந்த பூங்காவுக்குப் பானகல் அரசரின் பெயரும் இடப்பட்டன. 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடலாயிற்று. மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு கோட்டைப் பக்கத்து அலுவலகங்களுக்கு நாள்தோறும் சென்று வருவது எளிதாயிற்று. ஏரி போயிற்று. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்றும் பெயர்கள் மட்டும் நின்றன. விடுதலையை அடுத்து அடையாற்றின் தென்கரையிலும் காந்தி நகர், கஸ்தூரிபா நகர் என்று குடியிருப்புகள் எழுந்தன. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. மக்களுக்கு வீடு வேண்டும். அந்த வீடுகளில் ஒன்றில்தான் நானும் வாழ்கிறேன். ஆனால் டெக்சாஸில் முள்கம்பி செய்ததை இங்கே மனைக்கல் செய்தது என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேய்ச்சல் நிலம் குறைந்தது. பால் குடிப்போர் பெருகினர். ஆகவே மாடு நகரத்தை விட்டுப் போகவில்லை. திடலிலிருந்து தெருவுக்கு வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பால்காரர் விடியற்காலை நான்கரை மணிக்கு மாட்டோடு வருவார். செம்பைக் கவிழ்த்து, அதில் தண்ணீர் இல்லை என்று என் அன்னையாருக்குக் காட்டிவிட்டுத்தான் கறக்க உட்காருவார். அவருடைய அக்குளில் வைக்கோல் அடைத்த கன்றின் தோல் ஒன்று இருக்கும். உண்மைக் கன்று பிழைக்கவில்லை. அந்தப் பொய்க் கன்றை நக்கிக்கொண்டே பசு பாலைச் சுரக்கும். அந்தக் காட்சி அப்போது எனக்கு வேடிக்கை. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஒரு நாள் அவர் வெறுங்கையோடு வந்தார். சாலையில் திரிந்த பசுவைப் பவுண்டில் அடைத்துவிட்டார்களாம். கால்நடை அத்துமீறல் சட்டம் 1871-ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்டது. அடைபட்ட மாட்டுக்கு அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும். உரிய காலத்துக்குள் மீட்காவிட்டால் ஏலம் போய்விடும். என் தந்தையார் ஒரு மாதப் பால் பணத்தை முன்னதாகக் கொடுத்து, துணைக்கு என்னையும் அனுப்பினார். பணம் கட்டி, இரசீது பெற்று, பசுவை ஓட்டிக்கொண்டு மந்தைவெளி வழியாகத் திரும்பினோம். வரிசையாக எழுந்திருந்த புது வீடுகளைக் காட்டி, "எங்க அப்பா காலத்துல இங்கதான் தம்பி மாடு மேஞ்சுது. வீடெல்லாம் பின்னால வந்தது" என்றார் அவர். குரலிலே கோபம் இல்லை. செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். கையிலிருந்த இரசீதில், அவருடைய மாடு அத்துமீறி நுழைந்தது என்று எழுதியிருந்தது.

அவரைப் போன்ற பால்காரர்கள் பலர் வைத்திருந்த உயர்ந்த பசு நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் இனம். நல்ல கறவைப் பசுக்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து, பால் வற்றியதும் வைத்துப் பேண இடமின்றி அடிமாடாக விற்பது பெரிதும் நடந்தது. நகரம் இனத்தின் சிறந்த பசுக்களை விழுங்குகிறது என்று கால்நடை வல்லுநர் வருந்தினர். சாவா மூவா மந்தை என்ற பழங்கொள்கைக்கு நேர்மாறாக, பயனோடு முதலையும் சேர்த்து அழித்தது இம்முறை. இதே இனத்துக்குக் கடல் கடந்து கிடைத்த வாழ்வைக் கேளுங்கள். 1868-இல் பிரேசில் நாட்டுப் பாகியாத் துறைமுகத்தில் ஓங்கோல் மாடுகள் இறங்கின. இன்று அந்நாட்டின் பெரும் மந்தைகள் நெலோரி என்று நம் நெல்லூரின் பெயரையே தாங்கி மேய்கின்றன. அமெரிக்காவிலோ, 1906-இல் டெக்சாஸ் பண்ணையொன்றுக்கு இந்திய மாடுகள் வரவழைக்கப்பட்டன. வெப்பத்தையும் உண்ணிகளையும் தாங்கும் வலிமை அவற்றுக்கு இருந்ததே காரணம். நெல்லூர், கீர், குஜராத் இனங்களைக் கலந்து அங்கே உருவான மாட்டுக்குப் பிராமன் என்று பெயர். நாங்கள் திரையில் கண்டு வியந்த கௌபாயின் நாட்டில் நம் மாடு சிறப்போடு வாழ, நம் தெருவில் அது சுவரொட்டி தின்று வயிறு நிரப்பியது. அங்கே அதற்குக் கிடைத்ததும் இங்கே கிடைக்காததும் புல்வெளிதான்.

பின்னர் அரசு இதற்கு வழி தேடாமல் இல்லை. நகரத்து மாடுகளை ஓரிடத்தில் வைத்துப் பேணும் நோக்கத்தோடு வடசென்னையை அடுத்து மாதவரத்தில் பால் காலனி அமைந்தது. 1958-இல் பால்வளத் துறை தோன்றிற்று. ஆவின் பால் பைகளில் வீடு தேடி வந்தது. பால் கலப்படமா என்ற ஐயமும் வாசலில் மாடு நிற்கும் தொல்லையும் குறைந்தன. 1997-இல் நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதே 1997-இல் பறக்கும் ரயில் திருமயிலை வரை வந்தது. 2004-இல் மந்தைவெளியைக் கடந்து திருவான்மியூர் வரை நீண்டது. அதன் தூண்கள் எங்கே நிற்கின்றன தெரியுமா? பஞ்சத்தில் பசித்தவர்கள் வெட்டிய அந்தப் பக்கிங்காம் கால்வாயில் நிற்கின்றன. இனி வரும் மெட்ரோ ரயிலின் தடம் ஒன்று மாதவரம் பால் காலனியில் தொடங்கி, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகத் தெற்கே செல்வதாக வகுக்கப்பட்டிருக்கிறது. மாடுகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் புறப்பட்டு, மாடுகள் மேய்ந்த இடத்தின் கீழே அந்த ரயில் செல்லும்.

தெருவில் திரியும் மாடு முட்டிக் குழந்தைகளும் முதியோரும் காயமுற்ற செய்திகளை நாம் படிக்கிறோம். சாலை மாடு கட்டும் இடம் அன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ரயில் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. திருவான்மியூரிலிருந்து வேலைக்குச் செல்லும் பெண்மணிக்கு அந்த ரயில் தரும் ஒரு மணி நேரம் பெருஞ்செல்வம். நான் சொல்ல விரும்புவது ஒன்றே. நகரம் இன்னும் தெற்கே சென்றுகொண்டிருக்கிறது. ரயில் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு மந்தைவெளி இருக்கிறது. கணக்கில் அது வெறும் புறம்போக்கு என்றே எழுதப்பட்டிருக்கும். புறம்போக்கு என்றால் உரியவர் இல்லாத நிலம் என்று எண்ணுவது பிழை. ஊரார் எல்லோரும் அதற்கு உரியவர்கள். வாய் பேசாத மந்தையும் அதற்கு உரியது. அந்த நிலத்தை மனையாக்குவதற்கு முன், அதை நம்பி வாழ்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். மயிலாப்பூரில் அந்தக் கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த முறை நடத்துநர் மந்தைவெளி என்று குரல் கொடுக்கும்போது, இறங்குவதற்கு முன் அந்தச் சொல்லை ஒரு முறை உங்கள் பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு விளக்கிச் சொல்லுங்கள்.